காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டில் இருக்கட்டும்: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே பேச்சுதான். ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஜுரம், இன்னொரு வீட்டில் இருமல், மூன்றாவது வீட்டில் பிள்ளைக்கு விட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டது. நடுவில் உங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும்: மிட்டேர்ம் நெருங்குகிறது, யாரும் லீவு எடுக்கக் கூடாது, எடுத்தால் டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்காக அது எதையும் இழக்கக் கூடாது.

"நாங்கள் யாரையும் ஜுரத்தோடு வரச் சொல்லவில்லையே" என்பீர்கள். வாயால் சொல்வதில்லை, சரி. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் முழு வருகைப் பரிசும், ஒரு நாள் லீவுக்குக் கேட்கும் சர்டிபிகேட்டும், தவறிய தேர்வுக்குப் போடும் முட்டையும் அதைத்தான் சொல்கின்றன.

பரிசை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆண்டு விழா மேடையில் 'நூறு சதவீத வருகை' கப்பை வாங்கும் பிள்ளையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஆசை எட்டு வயதுப் பிள்ளைக்குள் ஏறிவிட்டால் என்ன ஆகிறது என்பதை வீட்டில் இருக்கும் நாங்கள்தான் பார்க்கிறோம். கன்னம் இரண்டும் சிவந்து கண் சொருகும்போதும் என் பெண் ஈரத் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "தொட்டுப் பாரும்மா, சில்லுனுதானே இருக்கு?" தெர்மாமீட்டர் சத்தம் போடுவதற்குள் அக்குளிலிருந்து உருவி எடுத்து 'நார்மல்' என்பாள். "ஒரு நாள் போனாலும் கப் போயிடும்மா" என்று அழுகை வேறு. உடம்பு சரியில்லை என்பதை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் பரிசு நமக்கு எதற்கு? அது போகட்டும், வீசிங் இருக்கும் பிள்ளை எவ்வளவு ஆசையாகப் படித்தாலும் அந்தக் கப்பைத் தொடவே முடியாது. நோய் வராத உடம்பு அமைந்தது பிள்ளையின் சாதனையா என்ன?

இனி ஃப்ளூ என்ற வைரஸ் காய்ச்சல் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். வைரஸ் உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாளை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் மிக அதிகமாகப் பரவுவது காய்ச்சல் வந்த முதல் மூன்று நான்கு நாட்களில். அதாவது பிள்ளை சுருண்டு படுத்துக் கிடக்கும் அதே நாட்களில். சின்னப் பிள்ளைகளிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் பரவுவதுண்டு. ஆகவே அந்த முதல் சில நாட்கள் வீட்டில் வைத்திருந்தாலே பாதிச் சங்கிலி அறுந்துவிடும்.

இப்போது நடப்பது வேறு. காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் சிரப் ஊற்றி, ஏழரைக்கு இரண்டு இட்லியைத் திணித்து, ஏழே முக்காலுக்கு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த மருந்தின் வேலை நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஆறு. கேட்டில் நிற்கும் அக்கா தொட்டுப் பார்த்தாலும் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். பதினோரு மணிக்கு, மூன்றாவது பீரியடில், பிள்ளை டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. அதற்குள் அதே பெஞ்சில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும் அதே ஸ்கேலை, அதே ரப்பரை, ஒரே தண்ணீர் பாட்டிலைக்கூடப் பகிர்ந்து முடித்திருப்பார்கள். மழைக்காலம் என்பதால் ஜன்னல் சாத்தியிருக்கும். வரும் வழியில் ஆட்டோவின் இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் திரை இறக்கி, உள்ளே பைகளுக்கு நடுவில் பிள்ளைகள் மூச்சு முட்ட உட்கார்ந்து வந்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழையும் ஃப்ளூவும் நம் ஊரில் கைகோத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வைரஸுக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்?

இதையெல்லாம் தடுக்க நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும். அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அதைப் பார்த்துவிட்டால் தபால்காரர்கூட உள்ளே வரமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே போகாது, விருந்தாளி உள்ளே வரமாட்டார், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அம்மை போட்ட பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் சர்டிபிகேட் கேட்டு நான் பார்த்ததில்லை. "மூணு தண்ணி ஊத்தின பிறகு அனுப்புங்க, அவசரமில்ல" என்று கிளாஸ் மிஸ்ஸே போனில் சொல்வார். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறீர்கள். கண் சிவந்திருப்பது எல்லாருக்கும் தெரிகிறது, அதனால் பயம். மூக்கும் தொண்டையும் அப்படித் தெரிவதில்லை. "சாதாரண ஜுரம்தானே" என்று விட்டுவிடுகிறோம். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரே முகமூடி போட்டு நடுங்கியதே, அந்த எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் 'சாதாரண' ஃப்ளூ வகைகளில் ஒன்று.

சாதாரணம் என்பதும் யாருக்கு என்பதைப் பொறுத்தது. பத்து வயதுப் பிள்ளை நாலு நாள் படுத்து எழுந்து ஓடிவிடும். அதை மடியில் போட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டும் பாட்டிக்கு சர்க்கரை இருக்கும், தாத்தாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கும், சித்தி மாசமாக இருப்பாள், தொட்டிலில் ஒன்று கிடக்கும். நிமோனியா வரை போவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். ஜப்பானில் 1962-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஃப்ளூ தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1987-இல் கட்டாயத்தைத் தளர்த்தி, 1994-இல் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் குளிர்கால மரணங்கள், முக்கியமாக முதியவர்களுடையவை, குறைந்திருந்ததும், நிறுத்தியதும் மறுபடி ஏறியதும் தெரிந்தது. வகுப்பறையில் பிடிப்பது வீட்டுத் திண்ணை வரை வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே ஜப்பானில் பள்ளி விதி ஒன்று இருக்கிறது. ஃப்ளூ வந்த மாணவன், காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளும், காய்ச்சல் விட்டு இரண்டு நாளும் ஆகும் வரை பள்ளிக்கு வரக் கூடாது. இன்னும் சின்னக் குழந்தை என்றால் காய்ச்சல் விட்டு மூன்று நாள். அந்த நாட்கள் ஆப்சென்ட் கணக்கில் ஏறாது. ஒழுங்குக்கும் நேரம் தவறாமைக்கும் பேர்போன ஊரிலேயே இப்படி இருக்கிறது.

நாம் அந்த அளவுக்கு உடனே போக வேண்டாம். நம் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதையாவது பிடித்துக்கொள்ளலாம்: மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பிள்ளையை அனுப்பலாம். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம், கண்டபடி ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள் என்றது. இருமல் முழுசாக நிற்கும் வரை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் நாட்களை மட்டும்தான் கேட்கிறோம்.

அடுத்து அந்த சர்டிபிகேட். இது யார் யோசனையோ தெரியவில்லை. ஃப்ளூ பிடித்த ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் வேண்டியது ஓய்வு, தண்ணீர், கஞ்சி, அளவறிந்து பாராசிட்டமால். மூச்சு வாங்குகிறது, எதுவும் குடிக்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, மயங்கிக் கிடக்கிறது, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் எந்தத் தாயும் நீங்கள் சொல்லித்தானா டாக்டரிடம் ஓடுவாள்? டெங்கு காலமும் இதுதான் என்பதால் எங்களுக்கும் பயம் உண்டு. ஆனால் ஒரு நாள் ஜுரத்துக்குக் காகிதம் வாங்குவதற்காகவே கிளினிக்குக்குப் போவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன் போட்டு, பத்துப் பதினைந்து ஜுரப் பிள்ளைகளோடு நாற்காலி போதாமல் நின்று, ஃபீஸ் கட்டி, வைரஸ் ஜுரத்துக்கும் சேர்த்து ஓர் ஆன்டிபயாட்டிக் சிரப்பை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்ப வேண்டும். போகும்போது ஒரு நோய், வரும்போது இரண்டு. அந்தக் காகிதத்தை உங்கள் அலுவலகத்தில் யாரும் பிரித்துக்கூடப் படிப்பதில்லை.

படிப்பு கெட்டுவிடும் என்ற கவலை நியாயம்தான். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், எட்டாம் வகுப்பு வரை 220. சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கே 75 சதவீத வருகை போதும் என்கிறது. பொதுத்தேர்வு எழுதுபவருக்கே இவ்வளவு இடம் இருக்கும்போது, நாலாம் வகுப்புப் பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் எதிர்காலம் எங்கே போய்விடும்? அந்த மூன்று நாளில் நடத்தியதை ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் போதும். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் போனில் பாடம் நடத்தியவர்கள்தானே நீங்கள். தேர்வு தவறினால் அடுத்த வாரம் ஒரு மறுதேர்வு வையுங்கள், அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். மறுதேர்வு இல்லை என்றால் எந்தப் பெற்றோரும் சிரப்பை ஊற்றி அனுப்பத்தான் செய்வார்கள்.

பெற்றோர் பக்கமும் குறை இருக்கிறது. ஜுரம் என்று தெரிந்தே அனுப்புகிறோம். ஏன் என்றால் அலுவலகத்தில் பிள்ளைக்கு ஜுரம் என்று சொல்லி லீவு கேட்க முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு இருக்கிறது, அதுவும் வேலை செய்பவரின் நோய்க்குத்தான். மத்திய அரசு ஊழியரான பெண்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு உண்டு. வீட்டு வேலை செய்பவருக்கும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் அது ஏது? ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. இதை நீங்கள் தீர்க்க முடியாது, தெரியும். ஆனால் பதினோரு மணிக்குப் போன் செய்து "உடனே வந்து கூட்டிப் போங்க" என்று அதட்டுவதற்குப் பதில், ஆள் வந்து சேரும் வரை பிள்ளை படுத்திருக்க ஓர் அறையும் ஒரு பாயும் ஒரு ஆயாம்மாவும் ஏற்பாடு செய்யலாம். இப்போது பல பள்ளிகளில் அந்தப் பிள்ளை ஆபீஸ் வாசல் பெஞ்சில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்க் போட்டுக்கொண்டு, குரலே வராமல் பாடம் நடத்தும் மிஸ்ஸைப் பிள்ளைகள் வீட்டில் நடித்துக் காட்டுகிறார்கள். லீவு போட்டால் சம்பளப் பிடித்தம், அவர் வகுப்பைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஒரு ஆசிரியர் ஒரு நாளில் ஐந்தாறு வகுப்புகளுக்குள் போய் வருகிறார். ஒரு பிள்ளையால் தன் வகுப்புக்குத்தான் கொடுக்க முடியும், அவரால் தளம் முழுவதற்கும் கொடுக்க முடியும். இதைப் பற்றிப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

பள்ளியையே மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. புதுச்சேரியில் 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஃப்ளூவுக்காக எட்டாம் வகுப்பு வரை ஒரு வாரத்துக்கு மேல் விடுமுறை விட்டார்கள். நிலைமை அப்படி இருந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில் உட்கார வைப்பதைவிட ஜுரம் வந்த நாலு பேரை முதலிலேயே உட்கார வைப்பது எல்லாருக்கும் சுலபம். தடுப்பூசியும் ஒரு வழி. ஆறு மாத வயதுக்கு மேற்பட்ட யாரும் ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்ளலாம். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை, தனியாரிடம் விலை கூட. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது லேசான செலவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கான சுற்றறிக்கை இன்னும் சில வாரங்களில் வரும். அதில் இந்த வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: காய்ச்சல் இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மூன்று நாள் வரை பெற்றோரின் ஒரு மெசேஜ் போதும், சர்டிபிகேட் தேவையில்லை. தவறிய தேர்வைக் கட்டணமில்லாமல் பிறகு எழுதலாம். இந்த ஆண்டு முதல் முழு வருகைப் பரிசு கிடையாது. கப் ஆர்டர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நூலகத்தில் நிறையப் புத்தகம் எடுத்துப் படித்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பில் ஒரு பெண்ணும், வீட்டில் சர்க்கரை நோயாளியான மாமியாரும் உள்ள ஒரு அம்மா,
தாம்பரம்.