வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பதிவேட்டில் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காகச் சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியர், திண்ணையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் மகளிடம் சிறிது நேரம் பேசிவிட்டு, அவளை எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் தயங்கினார். பள்ளியில் சேராதவள், அல்லது இடைநின்றவள் என்று மட்டுமே அவரால் எழுத முடிந்தது. பதினொரு வயதில் நாள்தோறும் படிக்கிற பெண் அரசின் கணக்கில் படிக்காதவளாகிவிட்டாள். அந்த ஆசிரியர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கையில் இருந்த படிவம் அப்படி.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை ஏதுமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவோ, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை அளிக்க வேண்டும் என்ற அளவில் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் வாழ்கின்றன. தடுக்கப்படவில்லை என்பதால் நாங்கள் நிம்மதியாக இருப்பதாக எண்ண வேண்டாம். எங்கும் பதிவாகாத பிள்ளைக்கு யாரும் பொறுப்பில்லை என்பதே அதன் மறுபக்கம்.

கண்காணிப்பு என்றாலே எங்களில் பலர் முகம் சுளிப்பார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் பெண்ணையும், பட்டறைக்கோ தறிக்கோ அனுப்பப்படும் பையனையும் பற்றிக் கேட்டால், "வீட்டிலேயே படிக்கிறது" என்ற பதிலைச் சொல்வது மிக எளிது. அந்தப் பதிலை யாரும் சரிபார்க்காவிட்டால், மனமுவந்து இவ்வழியைத் தேர்ந்த எங்கள் பெயரே அந்தக் குழந்தைத் திருமணத்துக்கும் குழந்தை உழைப்புக்கும் திரையாகிவிடும். ஆகவே அரசு வரட்டும், பிள்ளையைப் பார்க்கட்டும், அவளோடு பேசட்டும்.

யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பதில்தான் என் கவலை. இங்கிலாந்தில் 2009 ஜூனில் வெளியான, வீட்டில் கற்பித்தல் குறித்த கிரஹாம் பேட்மேன் அறிக்கை, கட்டாயப் பதிவையும், அதிகாரிகள் வீட்டுக்குள் வரவும் பிள்ளையைத் தனியே சந்திக்கவும் உரிமையையும் பரிந்துரைத்தது. பெற்றோர் கடுமையாக எதிர்த்தனர்; அதன்படி கொண்டுவரப்பட்ட சட்டப் பிரிவுகள் 2010 ஏப்ரலில், தேர்தலுக்கு முன்பாகக் கைவிடப்பட்டன. அந்த அறிக்கை உதவியைப் பற்றியும் பேசியது. ஆனால் சோதனை என்ற அச்சமே எல்லார் காதிலும் விழுந்தது.

நமக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கு வந்த 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை அளித்தது. அப்பிள்ளைகளின் வீட்டுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் செல்கிறார்கள். கற்பிக்கிறார்கள், பெற்றோருக்கு வழி சொல்கிறார்கள், பிள்ளையின் நிலையையும் குறித்துக்கொள்கிறார்கள். உதவ வருகிறவரே கவனிக்கிறவராகவும் இருப்பதால், கதவைத் திறக்க யாரும் அஞ்சுவதில்லை. அதே வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் பருவத்துக்கு ஒருமுறை எங்கள் வீடுகளுக்கும் வரலாம். நான்காம் வகுப்புப் பாடத்தில் எத்தனையாவது பக்கம் என்று கேட்காமல், வயதுக்கேற்ப வாசிக்கிறாளா, எழுதுகிறாளா, கணக்குப் போடுகிறாளா, வீட்டுக்கு வெளியே நண்பர்கள் உண்டா என்று அவர் பார்த்தால் போதும். ஐயம் எழுந்தால் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் அவருக்கு இருக்கட்டும்.

பதிலுக்கு நாங்கள் கேட்பது பெரிதன்று. குடற்புழு நீக்க மாத்திரையும், 10 வயதில் போட வேண்டிய டெட்டனஸ், தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே கிடைத்துவிடுகின்றன. என் மகளுக்கு நாங்களாக நினைவு வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலைய வேண்டியிருந்தது. நினைவில்லாத வீடுகளும் இருக்கும். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது பயன்படுத்த அனுமதி வேண்டும்.

தேர்வுக்கு வழி ஏற்கெனவே உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகப் பன்னிரண்டரை வயது நிரம்பியோர் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் இருக்கிறது. ஆனால் இவற்றைப் பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, "முதலில் மாற்றுச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு அதை யார் தருவார்கள்? பள்ளிக்குத் திரும்ப விரும்பும் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வகை செய்கிறது என்பதையும் அங்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

எனவே, அடுத்த கணக்கெடுப்புப் படிவம் அச்சுக்குப் போகும் முன் 'வீட்டில் கற்பவர்' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்குமாறும், அவ்வாறு குறிக்கப்படும் பிள்ளைக்கு எமிஸ் எனப்படும் அரசின் மாணவர் பதிவேட்டு எண் ஒன்றையும் அவ்வட்டாரத்தில் பொறுப்பான பயிற்றுநரின் பெயரையும் பெற்றோருக்கு எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளின் நோட்டுகளுடன் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டில் கற்கும் இரு பிள்ளைகளின் தாய்,
திண்டுக்கல் மாவட்டம்.