எம்சி எடுத்த ஓய்வுநாள்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு காலை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிய வாட்ஸ்அப்பை நேற்று பொழுது சாய்ந்த பிறகுதான் பார்த்தேன். வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி பொழுது சாயும் வரை நம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்கு ஓய்வுநாள், அதில் நான் போனைத் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை வந்தே ஆகணுமாம். பேசாம டாக்டர்கிட்ட எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிப் போட்டுடவாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டு சனிக்கிழமை வேலைக்குப் போனதற்காகப் பிள்ளைகள் வகுப்பை இனி எடுக்க வேண்டாம் என்று உன் சபையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆள் வைத்துச் சனிக்கிழமையும் கடை நடத்துகிறவர் காணிக்கைத் தட்டோடு முன்னால் நடந்து வருகிறார். "இந்தச் சபையே வேணாம்பா" என்று முடித்திருக்கிறாய்.

நீ கேட்ட இரண்டும் என் வாழ்க்கையில் நடந்தவை. உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குப் பாதி தெரியும்.

முதலில் உன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றால்தான் பேர் விழும், பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. ஞானஸ்நானம் எடுத்த பிறகு அவர் சனிக்கிழமை பெரட்டுக்குப் போகவில்லை. கணக்கெழுதும் கிராணியிடம் நேராகப் போய், "சனிக்கிழமை என் பேரை அடிச்சிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் அன்றைக்குக் கஞ்சிதான். மாசக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் இருக்கும். உபாகமம் 5ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினை, அதனால்தான் ஓய்வுநாள் கொடுத்தேன் என்று கர்த்தர் சொல்லும் இடத்தில் அவர் குரல் மாறிவிடும். ஓய்வு என்றால் என்னவென்று தோட்டத்து மனிதருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஓய்வுக்கான காசை அவர் தன் மடியிலிருந்தே கொடுத்தார்.

நான் 1984இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் சனிக்கிழமைக்குச் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்தார்கள். பிறகு 12 மணி நேர ஷிப்ட் வந்தது, நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. கணக்குப் போட்டுப் பார், ஆறு சனிக்கிழமையில் இரண்டுதான் நமக்குக் கிடைக்கும். மற்ற நான்குக்கு ஆண்டு விடுப்பைக் கரைப்பேன், சூப்பர்வைசரிடம் கெஞ்சுவேன், சில வாரம் போய்த்தான் ஆக வேண்டியிருக்கும். போன வாரங்களில் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, இந்நேரம் ஓய்வுநாள் பள்ளியில் என்ன பாடம் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

1993 செப்டம்பர் 25, பதின்மூன்றாம் ஓய்வுநாள். காலாண்டின் கடைசி ஓய்வுநாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, பிள்ளைகள் நிகழ்ச்சி, விசேஷ காணிக்கை. அன்றைக்கு எல்லாவற்றையும் நடத்த வேண்டியவன் நான். விடுப்பு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளினிக்குக்குப் போய் வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார். மறுநாள் நல்ல சட்டை போட்டு, டை கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். பிரசங்கத்தின் நடுவே போதகர் என் பெயரைச் சொல்லி, "வேலை போனாலும் பரவாயில்லை என்று ஓய்வுநாளைக் காத்த பிரதர்" என்றார். சபை முழுக்க "ஆமென்" சொன்னது. நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது. என்னோடு அதே லைனில் கெடா மாநிலத்தில் யான் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு மலாய் நண்பர் வேலை செய்தார். நான் வராததால் அவருடைய ஓய்வு நாளை ரத்து செய்து கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஊரில் அவருடைய முதல் குழந்தைக்கு முடி எடுக்கும் கெண்டூரி விருந்து. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, தகப்பன் மட்டும் அங்கே இல்லை. அவர் என்மேல் கோபப்படவே இல்லை, பாப்பா. "வயிறு இப்போது தேவலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நான்காம் கட்டளையைக் காக்கிறேன் என்று ஒன்பதாவதை உடைத்தேன். இன்னொருவருடைய நாளை அவருக்குத் தெரியாமலே எடுத்துக்கொண்டேன், அது எட்டாவது. இதை எந்தப் போதகரும் எனக்குச் சொல்லவில்லை. சபை வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு நான் வந்தவன், அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு சூப்பர்வைசரிடமும். வார்னிங் லெட்டர் கொடுத்தார்கள், அந்த வருஷம் போனஸ் இல்லை. வேலை போகாமல் இருந்தது கர்த்தருடைய கிருபை. நண்பர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, "எனக்கு ராயா பெருநாள் வேண்டும், உனக்குச் சனிக்கிழமை வேண்டும், இதை நாம் முதலிலேயே பேசியிருக்கலாமே" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு 11 வருஷம் இரண்டு ராயாவுக்கும் நான்தான் அவர் இடத்தில் நின்றேன், ஞாயிற்றுக்கிழமைகளிலும். "ராயாவுக்குக்கூட அப்பா ஏம்மா வேலைக்குப் போறாரு?" என்று சின்ன வயதில் அழுவாயே, அது இதனால்தான். அந்தச் சனிக்கிழமைகளில் நான் பாடிய பாட்டும், எம்சி எடுத்த அன்று பாடிய பாட்டும் ஒன்றல்ல.

அதனால் எம்சி வேண்டாம், கண்ணு. நம் சபைகளில் அடெல் ஷெர்பர்ட் என்ற அம்மாவின் கதையைச் சொல்வார்கள். அமெரிக்காவில் சவுத் கரோலினாவில் துணி ஆலையில் வேலை செய்தவர், நம் விசுவாசக்காரர். ஆலை சனிக்கிழமையும் வரச் சொன்னது, வர மாட்டேன் என்றார், வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலையில்லாதவர்களுக்கான உதவிப் பணத்தையும் மாநிலம் மறுத்தது. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு ஜெயித்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. அந்த அம்மா வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உனக்கு வழி இருக்கிறது. நம் நாட்டு 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, அதில் வேலை நேரத்தை, வேலை நாளை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள். ஷிப்ட் வேலைக்காரருக்கு வாரத்தில் தொடர்ந்து 30 மணி நேரம் விட்டால் அது ஓய்வு நாளாகக் கணக்கு. வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு நீ வெளியே வந்தால் சனி ராத்திரி 11 மணிக்கு 30 மணி நேரம் முடியும். நம் ஓய்வுநாள் அதற்குள் அடங்கிவிடும். நம் ஊரில் பொழுது வருஷம் முழுக்க 7 மணிக்கும் 7.40க்கும் நடுவில்தானே சாய்கிறது? (1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அப்போது உன் பாட்டி, "ஓய்வுநாளும் தள்ளிப் போயிடுமாய்யா?" என்று போதகரிடம் போய்க் கேட்டார். "சூரியனுக்குக் கடிகாரம் கிடையாதும்மா" என்றாராம் அவர்.)

எழுதும்போது ஞாயிறும் பொது விடுமுறையும் நான் வருகிறேன் என்று நீயே முன்வந்து எழுது. அனுப்புவதற்கு முன்னால் இன்னொன்று செய். நீ இப்போது டீம் லீடர், ரோஸ்டர் போடுகிறவள் நீ. நீ எழுந்து போனால் அந்தச் சனிக்கிழமை உன் நாற்காலியில் யார் உட்காருவார் என்று பார். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவளாக இருந்தால் அவளிடம் நீயே போய்ப் பேசு. அவளுக்கு எந்த நாள் வேண்டும் என்று கேள். மேனேஜர் வாயால் அவளுக்குத் தெரிய வரக் கூடாது.

இனி சபை.

1998இல் பொருளாதாரம் சரிந்து கிடந்தது. நம் சபையில் பணிவிடை செய்யும் டீக்கனஸ் ஒருவர் இருந்தார். திருவிருந்துக்குப் புளிப்பில்லாத அப்பம் சுடுகிறவர் அவர்தான். கணவர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு நின்றார். சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர் வேலை கிடைத்தது. சனிக்கிழமை வியாபாரம் அதிகம், வந்தே ஆக வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் சபைக்கு வரவில்லை. சபைக் கூட்டத்தில் அவர் விஷயம் வந்தது. ஆறு மாதம் கண்டிப்பு, பொறுப்பு எதுவும் இல்லை என்று தீர்மானம் வைத்தார்கள். அப்படிப்பட்ட தீர்மானத்துக்குச் சபையார் ஓட்டுப் போட வேண்டும், நம் ஒழுங்கு அது. கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

தீர்மானத்தை வாசித்தவர் நம் மூப்பர். அவருக்குப் பிறை என்ற ஊரில் இரும்புப் பட்டறை இருந்தது. சனிக்கிழமை காலை அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பட்டறையில் பங்களாதேஷிலிருந்து வந்த பையன்கள் மெஷின் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் தெரியும். "அவங்க நம்ம விசுவாசம் இல்லையே" என்பார். யாத்திராகமம் 20ஐ வாரந்தோறும் மனப்பாடமாகச் சொல்கிற சபை நாம். "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும், உன் மிருகஜீவனானாலும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்" என்று அதில் தெளிவாக இருக்கிறது. மாட்டுக்குக்கூட அதில் ஓய்வு உண்டு. மூப்பரிடம் யாரும் கேட்கவில்லை. கூரை மாற்ற அவர்தான் பணம் கொடுத்திருந்தார். எனக்குக் கேட்கத் தோன்றியது, பாப்பா. வாய் வரவில்லை. எம்சி எடுத்தவனை மேடையில் புகழ்ந்தார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லி வேலைக்குப் போன விதவையைத் தண்டித்தார்கள். அந்த அறையில் இந்த இரண்டையும் அறிந்தவன் நான் ஒருவன்தான். அப்படியிருந்தும் என் கை மேலே போயிற்று.

அந்த சிஸ்டர் பிறகு சபைக்கு வரவே இல்லை.

உன் சபையில் நடப்பது தவறு. அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஓய்வுநாளை அவர்கள் பெரிதாக நினைப்பது தவறில்லை, உன் தாத்தா கஞ்சி குடித்துக் காத்த நாள் அது. சம்பளத்துக்கு உழைக்கிறவளின் சனிக்கிழமையை மட்டும் எண்ணிவிட்டு, சம்பளம் கொடுக்கிறவரின் சனிக்கிழமையை எண்ணாமல் விடுவதுதான் தவறு. இதைப் போதகரிடம் நேரில் சொல். கடைக்காரரைக் காட்டிக்கொடுப்பதற்காகப் போகாதே. அந்தக் கடையில் நிற்கிற ஆட்களுக்காகப் போ, அவர்களுக்காகச் சபையில் பேச வேறு ஆளில்லை. நீ சபையில் இருப்பதா போவதா என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் மட்டும் போய்விடாதே. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று 27 வருஷமாக எனக்குத் தெரியும்.

போன மாதம் அந்த சிஸ்டரைத் தேடிப் போனேன். சுங்கை பாக்காப்பில் மகன் வீட்டில் இருக்கிறார், முட்டி வலி, நடக்கச் சிரமம். நான் யார் என்று சொன்னதும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்குக் கைதூக்குனவங்கள்ல நீங்கதான் மொதல்ல வந்திருக்கீங்க, பிரதர்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளிடம் தேத்தண்ணீர் போடச் சொன்னார். எழுந்திருக்கும்போது, "அப்பம் இப்ப யாரு சுடுறாங்க?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இங்கே சபைக் கூட்டம். போதகரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மூப்பர் இப்போது உயிரோடு இல்லை, அவரைப் பற்றிப் பேசப்போவதில்லை. 1993இன் எம்சியையும் 1998இல் தூக்கிய என் கையையும் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தத் தீர்மானம் தவறு என்று பதிவேட்டில் எழுதும்படி கேட்பேன். ஓட்டுக்கு விடுவார்களா தெரியாது. சிஸ்டர் வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலை 8 மணிக்குக் காரோடு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் நீயும் விடியலில் வந்துவிடலாம். அம்மாவிடம் இந்த வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா