ராடார் சோதனை முடிவுகள் வெளிவரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று எங்கள் வீட்டுச் சன்னல்களை அதிர வைக்கும்போதெல்லாம், அந்நேரம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானங்களை எண்ணி மனம் பதறுகிறது. அதனால்தான் அபாயமான காற்றைக் கண்டறியும் ராடார்களின் சோதனை பற்றி எழுதுகிறேன்.

மழையைவிட அபாயமானது, குறுகிய தொலைவில் காற்றின் வேகமும் திசையும் மாறிவிடும் ‘விண்ட் ஷியர்’ நிலையே. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி நாற்புறமும் சிதறும்போது, அதற்குள் நுழையும் விமானம் முதலில் எதிர்க்காற்றால் தூக்கப்பட்டு, சில நொடிகளிலேயே பின்காற்றில் சிக்கி உயரத்தை இழக்கிறது. 1985 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் டாலஸ் அருகே 130க்கும் மேற்பட்டோர் இப்படித்தான் மாண்டனர்.

மழைத்துளிகளின் நகர்வைக் கொண்டு காற்றை அளக்கும் டாப்ளர் ராடார், இத்தகைய காற்றைக் கண்டறிவதற்காக 1988இல் அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் விமானங்கள் வந்துசென்றுகொண்டிருந்தபோதே சோதிக்கப்பட்டது. அத்தகைய நேரடிச் சோதனையே நம்பத்தக்கது என்பது என் கருத்து. ஏனெனில், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் பொய் எச்சரிக்கைகள் பெருகினால், உண்மையான எச்சரிக்கையையும் விமானிகள் ஐயத்துடன் நோக்கக்கூடும். மழையில்லாத காற்றை ராடார் எளிதில் காணாது என்பதால், லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவியையும் உடன்வைத்துச் சோதிக்க வேண்டும்.

நம் வெப்பமண்டல வானிலையில் நடத்தப்படும் இத்தகைய சோதனைகளின் முடிவுகளை, பொய்த்த எச்சரிக்கைகளின் எண்ணிக்கையோடு பொதுமக்களுக்கும் வெளியிடுமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்