மாணிக்கத்துக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து

கிருஷ்ணகிரி,
11-5-2025

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாயிற்று. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே விஷயம் குறுக்கே வந்து நிற்கிறது. சரி, இன்று எப்படியும் எழுதிவிடுவது என்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். உன்னைத் தெரியும், வலி நின்றதும் நிறுத்திவிடுவாய். இங்கே வெயில் கொளுத்துகிறது. செந்தூரா மாம்பழம் இந்த வருஷம் பரவாயில்லை, உனக்கு ஒரு பெட்டி பஸ் பார்சலில் வரும். பெங்களூரா இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்வார்களோ என்று என் தம்பி இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

அமெரிக்காவில் என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தாய். கேட்டவர்களிடமெல்லாம் குளிர், அகலமான ரோடு, பேரன் என்று சொல்லி முடித்துவிட்டேன். உனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

மகள் வீடு வர்ஜீனியாவில். வாஷிங்டன் பக்கம்தான். அங்கே நேஷனல் கேலரி என்று பெரிய ஓவியக் கூடம். டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே போகலாம். நான் போன சமயம் ‘பாரிஸ் 1874’ என்று ஒரு கண்காட்சி. இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் முதன்முதலில் சேர்ந்து படம் மாட்டி 150 வருஷம் ஆனதற்காக பாரிஸிலும் வாஷிங்டனிலும் நடத்தினார்கள். நுழைந்ததும் இரண்டு படங்கள். ஒன்று ஜெரோம் வரைந்தது: எளிய அங்கி போட்ட துறவி புத்தகம் படித்தபடி அரண்மனைப் படியில் இறங்குகிறார், பட்டுடுத்திய பிரபுக்கள் குனிந்து கும்பிடுகிறார்கள். ஒவ்வொரு சரிகையையும் எண்ணலாம். 1874இல் அரசாங்கக் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய படம். இன்னொன்று மோனேயின் ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’. லு ஹாவ்ர் துறைமுகம், பனி, இரண்டு மூன்று படகு, ஆரஞ்சுப் பொட்டு மாதிரி ஒரு சூரியன். சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலை என்று லெருவா என்ற விமர்சகர் பத்திரிகையில் நக்கலடித்தார். இந்தப் படத்தின் தலைப்பை வைத்து அவர் செய்த கேலிதான் கடைசியில் இவர்களுக்குப் பெயராகவே நின்றது. நான் கிளாஸ் எடுத்த காலத்தில் யாராவது பையன் மோனே மாதிரி வரைந்து கொண்டுவந்திருந்தால் ‘போய் முடித்துக்கொண்டு வா’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த முதல் கண்காட்சி நதார் என்கிற போட்டோகிராபர் காலி செய்த ஸ்டூடியோவில் நடந்தது. முப்பதுக்குக் கொஞ்சம் மேலே ஓவியர்கள், ஒரு சங்கமாகச் சேர்ந்து நடத்தினார்கள். நுழைவுக் கட்டணம் 1 பிராங்க். பகலில் 10 முதல் 6 வரை, அப்புறம் மறுபடி இரவு 8 முதல் 10 வரை. இந்த இரவு நேரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பகலெல்லாம் வேலைக்குப் போகிறவனும் வரட்டும் என்று நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. கணக்கு முடித்தபோது ஆளுக்கு 184 பிராங்க் 50 சான்டீம் கடன். வருஷக் கடைசியில் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். நம் ஊர் ஏலச்சீட்டு போல.

படங்களைவிட அவற்றைச் சுற்றி அந்தக் கூடத்தில் நடந்தவைதான் என்னைப் பிடித்துக்கொண்டன. சொற்பொழிவு உண்டு, சினிமா உண்டு, ஞாயிற்றுக்கிழமை இலவசக் கச்சேரி உண்டு (அது 1942 முதல் நடக்கிறதாம்). பெயர் கொடுத்தால் பென்சிலும் காகிதமும் தந்து படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைய விடுகிறார்கள். அனுமதி வாங்கினவர்கள் படம் தாங்கும் ஸ்டாண்டு போட்டு, எண்ணெய் வர்ணத்திலேயே பெரிய ஓவியர்களின் படத்தைப் பார்த்து வரையலாம். மூலத்தின் அதே அளவில் மட்டும் வரையக் கூடாது. அந்தக் கூடம் திறந்த 1941 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறதாம். இங்கே நம் மியூசியத்தில் நடுகல்லைப் பார்த்து நோட்டில் வரைந்த பையனை ‘என்ன பண்ற?’ என்று ஒருவர் அதட்டியது ஞாபகம் வந்தது.

மோனேயின் வைக்கோல் போர் படங்களைப் பற்றியும் ஒரு பேச்சு கேட்டேன். 1890இலும் 91இலும் சுமார் 25 படம், எல்லாம் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த அதே போர்தான். காலை, மாலை, பனி, வெயில் என்று வெளிச்சம் மட்டும் மாறும். திரையில் படம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வைக்கோல் போர் இல்லை, கதிர்ப் போர். அடிக்காத கோதுமை. நம் பக்கம் கேழ்வரகுக் கதிரைக் களத்தில் அடுக்கி மழைக்கு மேலே மூடி வைப்பார்களே, அதே கட்டு, அதே கூம்பு. மகளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் எழுந்து கேட்டேவிட்டாள். ஆமாம், கோதுமைதான் என்றார் பேசியவர். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நினைவு மறதி வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்று மகள் சொன்னாள். நாலைந்து பேராக ஒரு படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தோன்றியதைப் பேசலாம். யாரையும் ‘இது யார், என்ன வருஷம்’ என்று கேட்க மாட்டார்கள். எனக்கு உன் அம்மா ஞாபகம். கடைசி இரண்டு வருஷம் உன்னையே யாரென்று கேட்ட மனுஷி, காலண்டரில் இருந்த பசுவைப் பார்த்து ‘கன்னு போட்டு பத்து நாள்கூட ஆகல இதுக்கு’ என்று சொன்னாளே. மடியைப் பார்த்துச் சொன்னாள். நாம் சிரித்தோம்.

இனிமேல்தான் விஷயம். ஒரு நாள் ஆசிரியை ஒருவர் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரை மடக்கு ஸ்டூலில் உட்கார வைத்தார். ஒரே படம், ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பெர்த் மொரிஸோ என்ற பெண் வரைந்த படம். 1874 கண்காட்சியில் படம் வைத்த ஒரே பெண் அவர்தான். சோபாவில் வெள்ளை உடையில் கர்ப்பிணி அக்கா எட்மா, பக்கத்தில் கறுப்பு உடையில் புத்தகம் படிக்கும் அம்மா. பேசலாம் என்றதும் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: “அம்மாவை வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு.”

ஆசிரியை சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். 1870இல் அரசாங்கக் கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் மானே என்ற ஓவியரிடம் (மோனே இல்லை, இவர் வேறு) மொரிஸோ யோசனை கேட்டிருக்கிறார். வந்தவர் பாவாடைக் கரையில் கொஞ்சம் திருத்தினார். பிரஷ் கைக்கு வந்தபின் நிற்கவில்லை. மார்பு, தலை, பின்னணி என்று மேலே மேலே போய்விட்டார், சிரித்துப் பேசிக்கொண்டே. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் வண்டி காத்திருக்க, படத்தை ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்தப் படம் தேர்வானது என்று கேள்விப்படுவதைவிட ஆற்றுக்குள் கிடக்கலாம் என்று மொரிஸோ சொன்னாராம். படம் தேர்வாகிவிட்டது. அந்த அக்காவும் ஓவியர்தான், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டார்.

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை, மாணிக்கம். முட்டி வலி என்று மகளிடம் பொய் சொல்லி எழுந்து வந்தேன்.

1998. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டப் போட்டிக்குப் படம் அனுப்ப அன்றைக்குக் கடைசி நாள். உன் மகள் செல்வி எட்டாவது. உன் அம்மா கொல்லையில் கேழ்வரகு புடைப்பதை வரைந்திருந்தாள். வெயில் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, அதனால் முகம் வெறும் பழுப்புத் திட்டு. கண் இல்லை, மூக்கு இல்லை. முறத்திலிருந்து பறக்கும் உமி மட்டும் பொன்னாக மின்னியது. ‘முகத்தை மறந்துட்டியே பாப்பா’ என்று நான் பிரஷ்ஷை வாங்கினேன். கண் வைத்தேன், மூக்கு வைத்தேன், மூக்குத்தி வைத்தேன், நிழலுக்குக் கறுப்பு போட்டேன். வாசலில் ஹெட்மாஸ்டரின் டிவிஎஸ் 50 உறுமிக்கொண்டிருந்தது. முதல் பரிசு வந்தது. மேடையில் கோப்பையை வாங்கிக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அவள் வரையவில்லை. படிப்பில் கவனம் வந்துவிட்டது என்றாய் நீ. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அதே கூடத்தில் மோனேயின் இன்னொரு படம் இருக்கிறது. குடை பிடித்தபடி மேட்டில் நிற்கும் பெண், 1875. வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது. முகத்தில் நாலைந்து தீற்றல், அதற்கு மேலே காற்றில் பறக்கும் மெல்லிய வலை. யாரும் அவருக்குக் கண் வைத்துக் கொடுக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் டிராயிங் மாஸ்டர். ஒரு நாள்கூடப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய் வரைய வைத்ததில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இந்த லட்சணம்.

ஊர் திரும்பியதும் லீவுக்கு ஒரு வகுப்பு வைத்தேன். தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர், என் மொட்டை மாடி. எதிரே சையத் பாஷா மலை. காலை ஆறரைக்கு ஒரு படம், பன்னிரண்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. அதே மலை, அதே இடம். பன்னிரண்டு மணிப் படம் தோல்வி. தரை சுட்டு, தட்டிலேயே பெயிண்ட் காய்ந்து, பாதிப் பேர் கீழே ஓடிவிட்டார்கள். மோர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். விடியும்போது அந்தப் பாறை இளஞ்சிவப்பு. நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், அதை அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் பார்த்தேன்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி சாயங்கால மலையை ஒரே ஊதாவாகப் பூசி வைத்தாள். கோட்டைச் சுவர் இல்லை, படி இல்லை. என் கை தன்னால் பிரஷ்ஷுக்குப் போனது. சின்னதாக ஒரு கோடு, மதில் மட்டும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். நம்ப மாட்டாய், அது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவள் அப்பா வந்து “மலை எப்படி சார் ஊதாவா இருக்கும்?” என்றார். ஆறு மணிக்கு வாங்க என்றேன். வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைச் செல்வியிடம் காட்டுவதா வேண்டாமா, நீயே முடிவு செய். போட்டிக்குப் போன படத்தைத் திருப்பி வாங்கி உன்னிடம்தான் கொடுத்தேன். பரணில் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியில் போட்டதாகச் சொன்னாய். இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. நீ ஏறாதே, யாரையாவது ஏறச் சொல். இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடாதே. அது போஸ்டர் கலர். நான் வைத்த கண்ணும் மூக்கும் கரையும்தான், ஆனால் அடியில் இருக்கும் அவளுடைய பழுப்பும் சேர்ந்து வந்துவிடும்.

அன்புடன்,
கோவிந்தன்