மூணாம் வகுப்பு டீச்சருக்கு

டீச்சர்,

சிறப்பாசிரியர்தான் எழுதுறேன். உங்க வகுப்புல ஆட்டிசம் இருக்கிற பையன் வர்ற ஜூன்ல இருந்து வேற பள்ளிக்கூடம். வீட்டுல பேசி முடிவாயிருச்சு. ஏன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இதை நம்ம பிள்ளைகளோட பெற்றோரும் படிப்பாங்க, அதனால பேரும் இல்லை, ஊரும் இல்லை. பேட்டையா, அம்பையா, யூகிக்கிறவங்க யூகிச்சுக்கட்டும்.

ஐப்பசி மழை தகரக் கூரையில கொட்டின அந்த மத்தியானம்தான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. பெஞ்சுக்கடியில பூந்து காதைப் பொத்திக்கிட்டான். நீங்க பாசமாத்தான் குனிஞ்சீங்க. பின்னால இருந்து தோளை லேசாத் தொட்டீங்க. கடிச்சுட்டான். நோட்டுல 'முரட்டுத்தனம்'னு ஏறிச்சு.

தகரத்துல மழை விழுந்தா நமக்கு எரிச்சல், அவனுக்கு வலி. அந்த நேரத்துல கண்ணுல படாத கை மேல பட்டா உடம்பு அதை ஆபத்துன்னே எடுத்துக்கும். அவனை மாதிரிப் பிள்ளைகள் பலருக்கு லேசான தொடல் கூசும், அழுத்தமான பிடி ஆத்தும். முன்னால வந்து நின்னு, 'பிடிக்கட்டுமா'ன்னு ஒருதரம் கேட்டு, தலையாட்டினா உள்ளங்கை முழுசாப் பதிய அழுத்தணும். வேண்டாம்னா விட்டுரணும். கேள்வி மேல கேள்வி கேட்டா அதுவும் அவனுக்குச் சத்தம்தான்.

உங்களைக் குறை சொல்லலை. அத்தனை பிள்ளைகளை ஒத்தை ஆளாப் பார்க்கிறவங்க நீங்க. வாரம் ஒருக்கா வந்துட்டுப் போற என்னை மாதிரி சிறப்பாசிரியர் பேசுறது சுளுவு. பகிரங்கமா எழுதுறதுக்கு மன்னிச்சுக்கோங்க. நேர்ல சொன்னப்போ கேட்கலையே.

அந்த ட்யூப்லைட்டைக்கூட மாத்தலை. பழைய சோக் ட்யூப் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம்ம கரண்டுக்கு 50 சுழற்சி, சுழற்சிக்கு ரெண்டு மினுக்கு. நமக்குத் தெரியாது, சில பிள்ளைகளுக்குத் தலைவலி. எல்.இ.டி.யிலயும் மட்டமானது மினுங்கும். செல்போன் கேமராவைக் காட்டுங்க, வரி வரியா ஓடினா வாங்காதீங்க. ஆண்டு விழாவுக்கு சீரியல் செட் போட மட்டும் காசு இருந்துச்சு.

அவன் ஆடிக்கிட்டே இருந்ததுக்காக நீங்க பி.டி. பீரியடை வெட்டினதுதான் எனக்கு ஆறலை. தசைக்கு வேலை கிடைச்சாத்தான் அவனால உட்காரவே முடியும். கணக்குப் பாடத்துக்கு முன்னாடி நோட்டுக் கட்டைத் தூக்கிட்டு எச்.எம். ரூமுக்கு அனுப்புங்க, வாளியில தண்ணி எடுத்துவரச் சொல்லுங்க. கத்தி முடிச்ச பிறகு அனுப்பினா பரிசு மாதிரி ஆயிரும். நாற்காலி முன்கால் ரெண்டுக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டினா காலால தள்ளிக்கிட்டே இருப்பான், சத்தம் வராது. தொளதொளன்னு கட்டினா கீழ நழுவிரும், அப்புறம் தடுக்கித்தான் விழுவான். உடம்பை அழுத்துறதுக்கு எடை வச்சுத் தைச்ச கனமான சட்டை வாங்கலாமான்னு கேட்டீங்க: ஆய்வுகள் அதுல ஒத்துப் பேசலை, காசை விடாதீங்க.

இதெல்லாம் சலுகை இல்லை டீச்சர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் உண்டு. பிள்ளையோட தேவைக்கேத்த வசதியைப் பள்ளிக்கூடம் செஞ்சு குடுக்கணும்னு 16-வது பிரிவு சொல்லுது.

டிசியில நடத்தை 'நன்று'ன்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம். உங்களுக்கு அவன் மேல பிரியம்தான், எனக்குத் தெரியும். அதோட புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அரைத்தாள் எழுதிக் குடுங்க: வாசல் பக்கம், சுவரை ஒட்டின இடம், பின்னால இருந்து தொடக் கூடாது, முட்டை வாசனைக்கு ஓங்கரிப்பான், சத்துணவு வரிசையில கடைசியா விடுங்க. நான் எழுதினா 'அந்தம்மா அப்படித்தான்'னு ஒதுக்கிருவாங்க. வகுப்பு டீச்சர் எழுதினாப் படிப்பாங்க.