முருகேசனுக்கு, டெட்ராய்ட் பக்கத்திலிருந்து

ட்ராய், மிச்சிகன்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். மாவட்டக் கபடி அணிக்குத் தேர்வாளராகி, எடுத்த எடுப்பிலேயே நம் நெட்டையன் மகனைக் கழித்துவிட்டிருக்கிறாய். டீக்கடையில் நெட்டையன் கண்டும் காணாமல் போகிறான் என்று எழுதியிருந்தாய். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இந்த ஊர்க் கதை ஒன்று இருக்கிறது, கேள்.

போன வாரம் அலுவலகத்தில் ஒருத்தர் ஐஸ் ஹாக்கி டிக்கெட் கொடுத்தார். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆட்டம். உள்ளே ஸ்வெட்டரையும் மீறிக் குளிர். பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வில்லை, கருகிய அதிரசம் மாதிரி. அதிகம் துள்ளக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து எடுக்கிறார்கள். அது சுற்றுப் பலகையில் மோதும் சத்தம் அடிவயிறு வரை வருகிறது. நிமிர்ந்தால் கூரையில் தொங்கும் பழைய நட்சத்திர வீரர்களின் சட்டை எண்களில் 19. ஸ்டீவ் ஐசர்மேன் போட்டது.

1983இல் பதினெட்டு வயசுப் பையனாக வந்தவர், 21 வயதில் கேப்டன். என்ஹெச்எல் என்கிற இந்த ஊர் ஹாக்கி லீக்கில் ஆடிய 22 சீசனும் இதே அணிதான். 1988–89இல் மட்டும் 65 கோல். ஆனாலும் கோப்பை வரவில்லை. 1993இல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்து தற்காப்பையும் பார்க்கச் சொன்னார். இவரும் தன் கோல் கணக்கு குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். அப்புறம்தான் 1997, 1998, 2002இல் லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை.

1997இல் ஜெயித்த ஆறாம் நாள், விளாடிமிர் கான்ஸ்டன்டினோவ் என்கிற சக வீரர் கார் விபத்தில் சிக்கினார். அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. மறு வருடம் கோப்பையைக் கையில் வாங்கிய ஐசர்மேன், சக்கர நாற்காலியில் இருந்த அவர் மடியில் அதை வைத்தார். அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். உனக்கும் அனுப்புகிறேன்.

அப்படிப்பட்ட ஐசர்மேன் ஆட்டத்தை விட்டு நிர்வாக நாற்காலிக்குப் போனதும் என்ன ஆனது தெரியுமா? 2010இல் டாம்பா பே லைட்னிங் அணிக்குப் பொது மேலாளர். கனடா ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவரிடமே. 2014 சோச்சி ஒலிம்பிக் அணிப் பட்டியலில் தன் டாம்பா அணியின் கேப்டன் மார்ட்டின் செயின்ட் லூயிஸையே விட்டுவிட்டார். உனக்கு நெட்டையன், அவருக்குக் குட்டையன்! ஐந்தடி எட்டங்குலம், 38 வயது. முந்தின சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அதே மனுஷரை 2010லும் இவர் எடுக்கவில்லை. பிறகு ஸ்டாம்கோஸ் என்ற வீரரின் கால் முறிவு ஆறாததால் செயின்ட் லூயிஸைக் கூப்பிட்டார்கள். போனார், ஆடினார், தங்கமும் வாங்கினார். வடு மட்டும் போகவில்லை. என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள் என்று நின்றார்; மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார்.

நான் ஐசர்மேன் பக்கமும் இல்லை, அந்தக் கேப்டன் பக்கமும் இல்லை. ஆனால் தங்கம் வந்ததே, அதனால் இவர் செய்தது சரி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தங்கம் வாங்கினவனும்தானே கிளம்பிப் போனான்.

டாம்பா 2020லும் 2021லும் கோப்பை வென்றது. குச்செரோவ், வசிலெவ்ஸ்கி, பாயின்ட் எல்லாம் இவர் காலத்தில் எடுத்த பையன்கள். தூக்கிப் பிடிக்கத்தான் இவர் அங்கே இல்லை. 2019இலேயே டெட்ராய்ட்டுக்கு, அதே மேலாளர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இங்கே முதல் ஆறு சீசன் பிளேஆஃப்பே, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளையே, அணி எட்டவில்லை. பக்கத்து சீட்டுக் கிழவர் இரண்டு பீருக்குள் அவரைத் திட்டவும் செய்தார், 19 போட்ட சட்டையை மாட்டிக்கொண்டே!

நெட்டையன் மகன் ரெய்டரா, பிடிக்கிற பையனா? அதை எழுதவேயில்லையே நீ. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? டிசம்பரில் வருகிறேன். அதே டீக்கடை, மூன்று டீ, என் கணக்கு.

உன்,
சேகர்