விலையை முதலில் காட்டுங்கள், அப்புறம் மெயிலைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேர்ணாம்பட்டில் ஒரு சின்ன தோல் பொருள் யூனிட்டில் ஆர்டர், பில் வேலை பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளிநாட்டு பார்ட்டி வாட்ஸ்அப்பில் எவ்வளவு பேசினாலும் ஆர்டரும் சாம்பிள் ஓகேவும் ஷிப்பிங் பேப்பரும் மெயிலில்தான் வரும். மூன்று மெயில் ஐடியைப் போனில் ஒரே இடத்தில் பார்க்க ஒரு ஆப் தேடினேன். காசு கொடுக்கத் தயாராகவே தேடினேன்.

பிளே ஸ்டோரில் அப்படி ஒரு ஆப் கிடைத்தது. அதன் பக்கத்தில் ஆப்புக்குள் வாங்க வேண்டியவை உண்டு என்று ஒரு வரி, உள்ளே போய்ப் பார்த்தால் இத்தனை ரூபாயிலிருந்து இத்தனை ரூபாய் வரை என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். அது மாதத்துக்கா வருஷத்துக்கா, எதற்கு எவ்வளவு, ஒன்றும் தெரியாது. சரி, இறக்கித்தான் பார்ப்போமே என்று திறந்தால் முதலில் மெயில் ஐடி கேட்கிறது, அப்புறம் எல்லா மெயிலையும் படிக்க, அனுப்ப, அழிக்க அனுமதி கேட்கிறது, அதையெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் விலையே கண்ணில் படுகிறது! பெரிய எழுத்தில் மாதம் 149 ரூபாய். அதற்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், வருஷத்துக்கு 1,788 ரூபாய் ஒரே தடவையில் எடுக்கப்படும் என்று பொடி எழுத்து. ஏழு நாள் இலவசம் என்ற பட்டனை அழுத்தினாலும் முதலில் யுபிஐ ஆட்டோபே, அதாவது பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி, போட்டே ஆக வேண்டும்.

மற்ற ஆப்களிலும் இந்தத் தந்திரம் இருக்கிறது, ஆனால் மெயில் ஆப்பில் இது ரொம்பத் தப்பு. விலை தெரிந்துகொள்வதற்கே என் முதலாளியின் பார்ட்டி விவரம், ரேட், பேங்க் கடிதம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்குத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. விலை கட்டுப்படியாகவில்லை என்று ஆப்பை அழித்தாலும் கொடுத்த அனுமதி கூகுள் கணக்கில் அப்படியே இருக்கும், நாமே போய் நீக்க வேண்டும். சந்தாவும் அப்படித்தான், ஆப்பை அழித்தால் ரத்தாகாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். இது தெரியாமல் பணம் போகிறவர்கள் நிறைய.

குடியாத்தம் தீப்பெட்டி 14 வருஷம் ஒரு ரூபாயாக இருந்து 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. அந்த இரண்டு ரூபாய் சாமானுக்கே எல்லா வரியும் சேர்த்த விலையைப் பெட்டி மேல் அச்சடிக்கிறோம். ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குகிற ஆப்புக்கு ஏன் அது கிடையாது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விலையை முதலில் மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது அதில் இருக்கிறது, இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் இருக்கிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியும் உண்டு. ஆனால் 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைக்கு ஓடிபி கேட்காது, அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸும் லோன் விளம்பரங்களுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது.

ஆப் செய்கிறவர்கள் சம்பாதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இலவசமாகவே வேண்டும் என்றால் நன்கொடையில் ஓடுகிற தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. ஆப்களை விற்கிற ஸ்டோர் கடைக்காரர்களைத்தான் கேட்கிறேன். 2022-ல் பிளே ஸ்டோர் நடத்தும் கூகுள், ஆப் கம்பெனிகளிடம் எடுக்கும் சந்தாக் கமிஷனை 15 சதவீதமாகக் குறைத்தது. குறைத்தாலும் விற்கிற ஒவ்வொரு சந்தாவிலும் பங்கு வாங்குகிற கடை, விலைப் பலகை வைக்கக் கூடாதா? ஐபோன் ஆப் ஸ்டோரில் திட்டங்களின் பெயரும் விலையும் ஆப்பின் பக்கத்திலேயே கீழே இருக்கிறது. அப்படியென்றால் செய்ய முடியாத வேலை இல்லை.

வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்து, ரூபாயில், இறக்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை இப்படி மாட்டியவர்கள் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேர்ணாம்பட்டு, வேலூர் மாவட்டம்